அண்ணாமலைப் புல்லும் நீலகிரிப் புல்லும்: இரண்டு மலைகளின் மண் வரலாறு

திருவண்ணாமலை என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது கார்த்திகை தீபமும் பௌர்ணமி கிரிவலமும்தான். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கிழக்கே பெரிய கோயிலில் கிளம்பி, மலையை வலமாகச் சுற்றி, ஏறத்தாழப் பாதி தூரம் நடந்தவர்கள் வந்து சேரும் ஊர் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலை என்றும் சொல்வார்கள். ஆதி அருணாசலேசுவரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று போற்றப்படும் சிறு கோயிலும் இங்கேதான். கால் வலிக்கு இங்கே கொஞ்சம் உட்காருபவர்கள் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மீண்டும் நடக்கிறார்கள்.

அப்படிப் பார்க்கும்போது கண்ணில் படுவது என்ன? கீழ்ச்சரிவுகளில் மரங்கள். அதற்கு மேலே பாறை. பாறைக்கு இடையில் புல். மழைக்காலத்தில் பச்சை, தை மாசியில் வைக்கோல் நிறம், பங்குனி சித்திரையில் சில இடங்களில் கறுப்பு. அந்தக் கறுப்பு, தீ எரிந்த தடம்.

இந்தப் புல் எப்போது வந்தது? மலை தோன்றிய நாளிலிருந்தே இருக்கிறதா, அல்லது எதையோ இழந்த பிறகு வந்து உட்கார்ந்ததா? சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் தெரியாமல் ஒரு மலைக்கு நல்லது செய்யக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அது நீலகிரியில் நடந்தது. அதற்கு முன் அண்ணாமலையின் கதையை முடித்துவிடலாம்.

புராணப்படி இது நெருப்பு மலை. ஒரு யுகத்தில் அக்னியாக இருந்து, பின்னர் மாணிக்கமாகி, பொன்னாகி, கலியுகத்தில் கல்லாகிக் குளிர்ந்தது என்பார்கள். புவியியல் கணக்கிலும் இது மிக மிகப் பழைய பாறைதான். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த மழைக்கு இந்தப் பகுதிக் குன்றுகளில் இயற்கையாக வளரக்கூடியது வறண்ட பசுமைமாறாக் காடும் இலையுதிர் காடும் கலந்த காடு. ரமணர் 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்தவர். 1922 வரை பெரும்பாலும் மலைமேல் உள்ள குகைகளிலும் ஸ்கந்தாசிரமத்திலும் வாழ்ந்தவர். அந்தக் காலத்தைப் பற்றி அடியார்கள் எழுதியவற்றில் குரங்குக் கூட்டங்களும் சிறுத்தையும் வந்து போகின்றன. இன்றைக்கு அந்த வரிகளைப் படிக்கும்போது வேறு ஏதோ மலையைப் பற்றிச் சொல்வது போலத் தோன்றும்.

காடு ஒரே நாளில் போகவில்லை. யாரோ ஒரு வில்லன் வந்து வெட்டிக்கொண்டும் போகவில்லை. ஊர் வளர வளர அடுப்புக்கு விறகு, ஆடு மாடுகளுக்கு மேய்ச்சல், கூரை வேயப் புல் என்று தேவைகள் கூடின. ஒவ்வொரு தேவையும் நியாயமானதுதான். எல்லாம் ஒரே மலைமேல் விழுந்ததுதான் பிரச்சினை. மரம் போன இடத்தில் வெயில் தரையில் விழுந்தது. வெயில் விழுந்த இடத்தில் உயரமான புல் வந்தது. அதில் எலுமிச்சம்புல் இனத்தைச் சேர்ந்த வாசனைப் புல் நிறைய. எண்ணெய்ச் சத்து உள்ள புல் என்பதால் காய்ந்துவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும்.

இங்கேதான் ஒரு சுழல் ஆரம்பிக்கிறது. புல்லின் வளரும் முனை மண்ணை ஒட்டி, தாளுக்குள் பத்திரமாக இருக்கிறது. தீ வந்தாலும் அது சாவதில்லை. அடுத்த மழைக்கு மறுபடியும் துளிர்க்கும். மரக்கன்றுக்கு முனை மேலே. ஒரு தீ வந்தால் போதும், நாலைந்து வருட வளர்ச்சி போய்விடும். ஆக, தீ புல்லைக் காப்பாற்றுகிறது. புல் அடுத்த தீக்கு விறகாகிறது. வெறுமனே விட்டுவைத்தால் காடு தானாகத் திரும்பும் என்று சொல்ல முடியாத நிலை இது.

மண்ணுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. புல் தீயின் வெப்பம் பொதுவாக மேல் சில சென்டிமீட்டர் மண்ணைத்தான் தாக்கும். ஆனால் நுண்ணுயிரிகளும் மட்கும் மிகுதியாக இருப்பதும் அந்த மேல் மண்ணில்தான். இலைச் சருகு எரிந்துவிட்டால் அவற்றுக்கு உணவு இல்லை. நைட்ரஜனில் ஒரு பகுதி புகையோடு போய்விடுகிறது. மிஞ்சிய சாம்பலைச் சரிவில் பெய்யும் முதல் கோடை மழை அடித்துக்கொண்டு போகிறது. பாறைமேல் படிந்திருக்கும் மண் ஏற்கெனவே மெல்லியது. அது வருடா வருடம் இன்னும் மெலிகிறது.

1980-களின் இறுதியில் அண்ணாமலை மறுவனமாக்கல் சங்கம் என்ற அமைப்பு மலையில் மரம் நடும் வேலையைத் தொடங்கியது. பிறகு 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளை உள்ளிட்ட வேறு சிலரும் வனத்துறையும் அதைத் தொடர்ந்தார்கள். கிரிவலம் வருபவர்கள் இன்று காணும் கீழ்ச்சரிவுப் பச்சையில் பெரும்பகுதி இவர்கள் கைபட்டு வளர்ந்ததுதான். அண்ணாமலையைப் பொறுத்தவரை, புல் என்பது இழந்த காட்டின் அடையாளம். அங்கே நாட்டு மரம் நடுவது சரியான வைத்தியம்.

அப்படியானால் புல் மூடிய மலை எல்லாமே நோயுற்ற மலைதானா?

அப்படித்தான் நினைத்தார்கள் நீலகிரிக்கு வந்த ஆங்கிலேயர்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். சில வருடங்களில் ஊட்டி உருவானது. 2,000 மீட்டருக்கு மேலே, பள்ளத்தாக்கு மடிப்புகளில் மட்டும் குட்டைக் குட்டையாகச் சோலைக் காடு, மற்ற இடமெல்லாம் அலை அலையாகப் புல். பார்த்தவர்களுக்கு அது காடழிந்த இடமாகவே தெரிந்தது. தோடர்களின் எருமைகள் மேய்ந்தும், அவர்கள் புதுத்துளிருக்காகப் புல்லுக்குத் தீ வைத்தும்தான் மரங்கள் போய்விட்டன என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. அரசாங்கக் கணக்கில் புல்வெளிக்குத் தனிப் பெயர் இல்லை. பயிர் இல்லை, மரம் இல்லை, ஆகவே தரிசு.

தரிசு என்று எழுதியாயிற்று, அப்புறம் என்ன? நிரப்ப வேண்டியதுதானே! புதிதாக வந்த ஊருக்குக் குளிர்காய விறகு வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் யூகலிப்டஸும் வந்தன. 1840-களில் யூகலிப்டஸ் நீலகிரியில் ஊன்றிவிட்டது. இன்று மலைமக்கள் அதைக் கற்பூர மரம் என்று தங்கள் மரம் போலவே அழைக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வேகம் குறையவில்லை, கூடியது. தோல் பதனிட சீகைப் பட்டை, சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் என்று புல்வெளிகள்மேல் தோட்டங்கள் பரவின. வெள்ளைக்காரன் செய்த தவறு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாத கதை இது. 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கைக்குப் பிறகுதான் காற்று திசை மாறியது.

புல்வெளி உண்மையில் காடழிந்த இடம்தானா என்ற வழக்குக்குத் தீர்ப்பு சொன்னது மண். நீலகிரியின் பள்ளங்களில் பீட் எனப்படும் சதுப்புக் கரிமண் அடுக்கு அடுக்காகப் படிந்திருக்கிறது. குளிரும் ஈரமும் காற்றில்லாத நிலையும் சேர்ந்தால் நுண்ணுயிரிகளால் செத்த செடியை முழுதும் மட்கச் செய்ய முடியாது. பாதி மட்கிய நிலையில் அது தங்கிவிடும். மேல் அடுக்கு நேற்றையது. கீழே போகப்போகப் பழையது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் (யானை ஆராய்ச்சியால் பெயர்பெற்ற அதே சுகுமார்தான்), ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோரும் இந்தக் கரிமண்ணை ஆராய்ந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அவர்கள் பயன்படுத்திய உத்தி அழகானது. கார்பனில் எடை 12 உள்ள அணுவும் உண்டு, 13 உள்ள அணுவும் உண்டு. மரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி ஒன்று. கரும்பு, சோளம் போன்ற வெப்பமண்டலப் புல்லினங்களின் வழி வேறு. புல்லின் உடம்பில் எடை 13 கார்பன் சற்றே கூடுதலாகச் சேரும். செடி செத்து மட்கினாலும் அந்த விகிதம் பெரும்பாலும் மண்ணில் தங்கும். ஆகவே ஒவ்வோர் அடுக்கையும் அளந்தால், அந்தக் காலத்தில் மலையில் எது ஓங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம்.

விடை: ஏறத்தாழ 20,000 ஆண்டு கால வரலாற்றில் புல் எப்போதும் இருக்கிறது. பனியுகத்தின் வறண்ட குளிர்காலத்தில் புல்லின் கை ஓங்குகிறது. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்தபோது மரங்களும் ஈரம் விரும்பும் செடிகளும் முன்னேறுகின்றன. பிறகு, இன்றைக்கு 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வறட்சி, மீண்டும் புல். சீகையும் கற்பூரமும் வருவதற்கு வெகு முன்பே, தோடர் எருமைகளுக்கும் முன்பே, அந்த மலையில் புல் தன் சொந்த உரிமையில் வாழ்ந்திருக்கிறது. வரையாடு போன்ற ஒரு விலங்கு புல்லுக்கும் பாறைக்கும் ஏற்றபடி உருவாகியிருப்பதே இதற்கு ஒரு சாட்சி என்று முன்பே யாராவது கேட்டிருக்கலாம்!

தரிசு என்ற சொல் மறைத்துவிட்ட இன்னொன்றும் உண்டு. புல் தன் செல்வத்தை மேலே காட்டுவதில்லை. மரம் தன் கார்பனைத் தண்டில் வைத்திருக்கிறது. புல்லோ வேரிலும் மண்ணிலும் வைக்கிறது. உலக அளவில் காற்றில் உள்ள கார்பனையும் செடிகொடிகளில் உள்ள கார்பனையும் கூட்டினாலும் மண்ணில் இருப்பது அதைவிட அதிகம். அந்தக் கஜானாவுக்குக் காவலரும் அவர்களே, செலவாளியும் அவர்களே என்று இருப்பவர்கள் நுண்ணுயிரிகள்.

வேர்களும் பூஞ்சைகளும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பிராங்க் 1885-இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. வேரைச் சுற்றியுள்ள மண்ணில் தனி உலகமே இயங்குகிறது என்று சொல்லி அதற்குப் பெயரிட்டவர் லோரன்ஸ் ஹில்ட்னர், 1904-இல். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கலாம். அவை சருகை உடைத்துச் சத்தாக்கிச் செடிக்குத் தருகின்றன. பூஞ்சை இழைகள் மண் துகள்களைக் கோத்துக் கட்டிகளாக்குகின்றன. கட்டியான மண் நீரை உறிஞ்சும், சரிவில் நிற்கும். இவ்வளவு வேலைக்கும் அவை மூச்சு விடுகின்றன. வெளிவருவது கரியமில வாயு.

சூடு கூடினால் இந்த மூச்சு வேகமாகும். இட்லி மாவு மார்கழியில் மெதுவாகவும் சித்திரையில் சீக்கிரமும் புளிப்பது எல்லா வீட்டுக்கும் தெரியும், அதே கணக்குதான். பூமி சூடானால் மண்ணிலிருந்து அதிகக் கரியமில வாயு வரும், அதனால் பூமி இன்னும் சூடாகும் என்ற அச்சம் இங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் மாவு புளித்து முடித்தால் நின்றுவிடுவது போல மண்ணும் ஓய்ந்துவிடுமா, அல்லது நுண்ணுயிரிகள் புதுச் சூட்டுக்குப் பழகிவிடுமா? ஒரு வருடப் பரிசோதனையால் இதற்குப் பதில் கிடைக்காது.

அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் 1991-இல் மண்ணுக்குள் மின்கம்பி புதைத்து 5 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கத் தொடங்கினார்கள். 26 வருட முடிவுகள் 2017-இல் வந்தன. மண் ஒரே சீராக மூச்சு விடவில்லை. சில வருடம் வேகம், சில வருடம் ஓய்வு, மறுபடி வேகம். ஓய்வுக் காலத்தில் நுண்ணுயிர்க் கூட்டமே மாறிக்கொண்டிருந்தது. எளிதில் செரிப்பது தீர்ந்ததும், செரிக்கக் கடினமானதை உடைக்கத் தெரிந்தவை மேலே வந்தன. முடிவில், மேல் 60 சென்டிமீட்டர் மண்ணில் இருந்த கார்பனில் ஏறத்தாழ 17 சதவீதம் போய்விட்டது.

அது காட்டு மண். புல்வெளிக்கு ஓக்லஹோமா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உயரமான புல்வெளியில் 2009 முதல் ஒரு சோதனை நடக்கிறது. நிலத்துக்கு மேலே தொங்கவிட்ட அகச்சிவப்புச் சூடேற்றிகளால் 3 டிகிரி கூடுதல் வெப்பம் தரப்பட்டது. 2022-இல் வெளியான முடிவு கொஞ்சம் கலங்கடிப்பது. சூடான மண்ணில் பாக்டீரியா வகைகள் ஏறத்தாழ 10 சதவீதமும் பூஞ்சை வகைகள் ஏறத்தாழ 15 சதவீதமும் குறைந்திருந்தன. வெப்பத்தோடு, அதனால் மண் காய்ந்துபோனதும் சேர்ந்து செய்த வேலை இது. வறட்சியில் வித்துறைக்குள் ஒடுங்கித் தப்பிக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொண்டன. மேலே புல் பச்சையாகவே தெரியும்போது கீழே குடிகள் குறைந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

நம் நீலகிரியிலும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த யாதுகிரி திருவாய்மொழியும் மகேஷ் சங்கரனும் புல்வெளியில் கூரையில்லாத சிறு சிறு அடைப்புகளை வைத்தார்கள். நாலு பக்கமும் ஒளி புகும் சுவர் இருப்பதால் உள்ளே கொஞ்சம் வெப்பம் தங்கும், மின்சாரம் தேவையில்லை. 2019-இல் வெளியான அவர்கள் முடிவின்படி, அந்த மண்ணிலிருந்து வரும் கரியமில வாயுவில் பெரும்பங்கு வேரின் மூச்சு அல்ல, நுண்ணுயிரிகளின் மூச்சு. வெப்பம் கூடினால் அதுவும் கூடுகிறது. 20,000 ஆண்டாகக் குளிர் பூட்டிவைத்த கஜானா அது. பூட்டு தளர்வது எங்கோ துருவப் பிரதேசத்தில் மட்டும் அல்ல.

குளிருக்கு நீலகிரியில் இன்னொரு உத்தியோகமும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் திறந்த புல்வெளியில் உறைபனி விழும். சோலை மரங்களின் கன்றுகள் அதில் கருகிவிடும்; சோலையின் நிழலுக்குள் இருப்பவை மட்டும் தப்பும். சோலைக்கும் புல்லுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போல எல்லைக் கோடு இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடுல் ஜோஷி, ஜயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோரின் 2020 ஆய்வு, வெப்பமும் வெளிநாட்டு மரங்களும் சேர்ந்து இந்தச் சமநிலையைக் குலைக்கலாம் என்று எச்சரிக்கிறது. சீகை இன்னொரு தந்திரமும் வைத்திருக்கிறது. அது அவரைக் குடும்பம். வேர் முடிச்சு பாக்டீரியாக்களைக் கொண்டு காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். வயலில் அது வரம். ஆனால் குறைந்த நைட்ரஜனில் வாழப் பழகிய பழம்புல்லுக்கு, பந்தியில் அளவுக்கு மீறிப் பரிமாறுவது போல. மண்ணின் கணக்கே மாறிவிடுகிறது. சீகையை வெட்டிவிட்டால் மட்டும் பழைய புல் உடனே திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பக்கத்துப் பழனி மலையில் நிலைமை இன்னும் மோசம். நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் செய்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. ஒரு காலத்தில் அரசே நட்ட மரத்தை இப்போது அரசே அகற்ற வேண்டியிருக்கிறது.

ஆக, ஒரே மாநிலத்தில் இரண்டு புல் மலைகள். ஒன்றில் புல் பூர்வீகக் குடி, இன்னொன்றில் காலி வீட்டில் குடியேறியது. இரண்டையும் தூரத்திலிருந்து புகைப்படம் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. "ஒரு லட்சம் மரம் நடுவோம்" என்று கிளம்பும் எந்தக் கல்லூரிக் குழுவும் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை கன்று என்பதை அல்ல. அந்த மண் எதைச் சுமந்து பழகியது என்பதைத்தான்.

அண்ணாமலையில் இது வெறும் ஏட்டுக் கேள்வியும் அல்ல. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன் மழை திருவண்ணாமலையில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1 அன்று மலையின் நகரப் பக்கச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகள்மேல் விழுந்தன. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்துக்கு மலையேறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. இந்தச் சரிவுக்குக் காடு போனதும் தீ எரிந்ததும்தான் காரணம் என்று அடித்துச் சொல்வது நேர்மையாகாது. அதே ஆண்டு ஜூலை 30-இல் வயநாட்டில் காடு மூடிய சரிவே பிய்த்துக்கொண்டு வந்தது. மழை ஓர் அளவைத் தாண்டினால் வேரும் பூஞ்சையும் எவ்வளவுதான் பிடிக்கும்? ஆனால் அந்த அளவுக்குக் கீழே பெய்யும் நூறு மழைகளில், மண்ணைப் பிடித்து வைப்பதும் நீரை உள்ளே இறக்குவதும் அவைதான். வெப்பமான காற்று அதிக நீராவியைச் சுமக்கும் என்பதால், கொட்டும் மழை இன்னும் கனமாகும் என்றுதான் வானிலை அறிவியல் சொல்கிறது.

கூடும் வெப்பம் அண்ணாமலையில் இரண்டு முனையில் வேலை செய்கிறது. மண்ணுக்குள் நுண்ணுயிர்களின் மூச்சை வேகமாக்குகிறது, மண்ணைக் காயவைக்கிறது. மேலே புல்லைச் சீக்கிரம் உலர்த்தித் தீயின் காலத்தை நீட்டுகிறது. இரண்டுக்கும் எதிராக அங்கே கிடைக்கும் ஒரே மருந்து நிழல். நிழல் விழுந்த இடத்தில் தரை குளிர்கிறது, சருகு சேர்கிறது, சருகுக்கு நுண்ணுயிர் வருகிறது. வெயில் விரும்பும் உயரப் புல் தானாகவே பின்வாங்குகிறது, தீக்கு எரிபொருள் குறைகிறது. ஆனால் கன்று அந்த உயரத்தை எட்டும்வரை ஒரு தீ கூட அதைத் தொடக் கூடாது. அதனால்தான் மலையில் மரம் நடுபவர்களின் வருடத்தில் நடவுக்குச் சமமான இன்னொரு வேலை இருக்கிறது. மழை நின்று, புல் காய ஆரம்பித்து, கோடை வருவதற்குள், சரிவுகளில் நீள நீளமாகப் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறார்கள். கோடு தாண்டித் தீ வந்தால், பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு அடித்து அணைக்க ராத்திரியானாலும் மேலே ஏறுகிறார்கள்.